பூனையும் வேண்டும், நாற்றங்காலும் வேண்டும்

சென்ற நவரைப் பட்டத்தில் வில்லியனூர் கொம்யூனைச் சேர்ந்த ஒரு கிராமத்தில் காய்கறி விவசாயிகள் கூட்டம் நடந்தது. கத்தரியில் தண்டுத் துளைப்பானைப் பற்றி நான் பேசி முடித்ததும் பின்வரிசையிலிருந்து ஓர் அம்மாள் எழுந்தார்.

“சார், பூச்சிக்கு மருந்து சொல்லிட்டீங்க. பக்கத்து வூட்டுப் பூனைக்கு என்னா மருந்து?”

கூட்டம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. அவர் மூன்று முறை கத்தரி விதை பாவியிருக்கிறார். மூன்று முறையும் பூனை பாத்தியைக் கிளறி, மலம் கழித்து, மண்ணைத் தள்ளி மூடிவிட்டுப் போயிருக்கிறது. ஐந்து கோழிக் குஞ்சுகளும் காணாமற் போயின. பூனை வளர்க்கும் வீட்டில் சொன்னால், “பூனை என்ன கயித்துல கட்டி வளக்கற சீவனா?” என்று பதில் வந்ததாம். கூட்டம் கலைந்த பிறகு அருகில் வந்து தணிந்த குரலில் கேட்டார்: “கருவாட்டுல கொஞ்சம் குருணை மருந்தை வெச்சிட்டா என்னா சார்?”

அந்த அம்மாளுக்கு அன்று நான் சொன்ன பதிலைச் சற்று விரிவாக இங்கே எழுதுகிறேன். இந்தக் கேள்வி அவர் ஒருவருடையது மட்டுமன்று. பாகூர், வில்லியனூர் பகுதிகளில் கொல்லையும் கொல்லையும் ஒட்டிக் கிடக்கும் தெருக்களில், வரப்புத் தகராறுக்கு அடுத்தபடியாக ஆடு, கோழி, பூனைத் தகராறுகளே அதிகம். சிறு விவசாயிக்கு இது சிறிய விஷயமல்ல. பத்து ரூபாய்க் கீரைக்கட்டும், பத்துக் கோழிக் குஞ்சும் அவர் வீட்டுக் கணக்கில் இடம்பெறுபவை.

பூனை ஏன் தோட்டத்திற்கு வருகிறது?

பூனை நம்மைத் தேடி வந்ததற்குக் காரணமே தானியம்தான். மனிதன் பயிர் செய்து தானியத்தைச் சேர்த்து வைத்தான், எலி வந்தது, எலியைத் தேடிப் பூனை வந்தது. மத்தியதரைக் கடலில் உள்ள சைப்ரஸ் தீவில் சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட ஒரு புதைகுழியில், மனிதனின் எலும்புக் கூட்டுக்கு அருகிலேயே ஒரு பூனையையும் அடக்கம் செய்திருந்ததை ஆய்வாளர்கள் கண்டு 2004-ஆம் ஆண்டு வெளியிட்டனர். நம் நாட்டிலும் இது பழைய கதையே. மாலை நேரத்தில் வேலியோரம் வரும் வெருகுக்கு அஞ்சி, வீட்டுக் கோழி தன் குஞ்சுகளைக் கூவி அழைக்கும் காட்சி குறுந்தொகையில் உள்ளது. வெருகு என்பது காட்டுப் பூனை. ஆகவே கோழி வளர்ப்பவருக்கும் பூனைக்கும் உள்ள வழக்கு இரண்டாயிரம் ஆண்டு வழக்கு என்றே கொள்ளலாம்.

நாற்றங்காலைப் பூனை நாடுவது வம்புக்காக அன்று. மலத்தை மண்ணில் மூடுவது அதன் இயற்கைக் குணம். அதற்கு உலர்ந்த, பொலபொலப்பான, கட்டியில்லாத மண் வேண்டும். நாம் மண்ணைச் சலித்து, மக்கிய எருவிட்டு, கட்டி உடைத்து அமைக்கும் மேட்டுப் பாத்தியை விட அதற்கு நல்ல இடம் ஊரில் எங்கே இருக்கிறது? பூனை தேடுவது மண்ணின் பதத்தை மட்டுமே. இதைப் புரிந்து கொண்டால் பாதி வழி தெரிந்துவிடும்.

எலிக்குப் பூனை போதுமா?

பூனை வளர்ப்பவர்கள், “பூனை இல்லையென்றால் எலி நம்மைத் தின்றுவிடும்” என்கிறார்கள். இதில் பாதி உண்மை உண்டு, பாதி மிகை.

நம் நெல் வயல்களில் சேதம் செய்பவற்றில் முக்கியமானவை கரம்பை எலி, புல் எலி, வயல் சுண்டெலி ஆகியவை. கரம்பை எலி வரப்பில் ஆழமாக வளை தோண்டிக் கதிர்களை வெட்டி உள்ளே சேர்த்து வைக்கும். வளர்ந்த கரம்பை எலியையும் பெருச்சாளியையும் எதிர்த்து நிற்கும் பூனைகள் குறைவு. பூனை பிடிப்பவை பெரும்பாலும் சுண்டெலிகளும் எலிக் குட்டிகளுமே. எலியின் சினைக்காலம் மூன்று வாரம். ஓர் ஈற்றுக்கு ஆறு, எட்டுக் குட்டிகள் போடும். ஆகையால் வயல் எலியைப் பூனையை நம்பி விட்டுவிட இயலாது.

இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த சார்லஸ் எல்டன் என்ற விஞ்ஞானி பண்ணைகளில் இதை ஆராய்ந்து 1953-ஆம் ஆண்டு எழுதினார். எலி மலிந்துவிட்ட பண்ணையைப் பூனைகளால் சுத்தம் செய்ய முடியவில்லை. ஆனால் முதலில் வேறு வழிகளில் எலியை ஒழித்துவிட்டு, பிறகு பூனைகளுக்குப் பால் கொடுத்து வீட்டோடு வைத்திருந்தால், கட்டடங்களைச் சுற்றி எலி மீண்டும் குடியேறாமல் அவை காத்தன. இதில் இரண்டு பாடங்கள் இருக்கின்றன. ஒன்று, பூனை வீட்டுக்கும் களஞ்சியத்துக்கும் காவல், வயலுக்கு அன்று. மற்றொன்று, சோறு போட்டு வளர்க்கும் பூனையே வீட்டோடு தங்கும். “பட்டினி போட்டால்தான் எலி பிடிக்கும்” என்று நம் கிராமங்களில் சொல்வது தவறு. பட்டினிப் பூனைதான் அடுத்த வீட்டு மீன் சட்டியையும் கோழிக் குஞ்சையும் தேடிப் போகிறது.

இருந்தாலும் வீட்டு எலியைக் குறைத்து மதிக்கலாகாது. ஓர் எலி தன் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத் தினமும் தின்னும் என்பது பொதுக் கணக்கு. 250 கிராம் எலி என்றால் நாளொன்றுக்கு 25 கிராம். மாதத்திற்கு முக்கால் கிலோ நெல். தின்பதை விடச் சிறுநீராலும் புழுக்கையாலும் கெடுப்பது அதிகம். எலி மூலம் எலிக் காய்ச்சல் வருகிறது. எலி, மூஞ்சூறு ஆகியவற்றின் உடலில் ஒட்டி வாழும் நுண்ணிய உண்ணிகளின் இளம் பருவம் கடிப்பதால் உண்ணிக் காய்ச்சல் வருகிறது. புதுச்சேரிப் பகுதியில் இந்த உண்ணிக் காய்ச்சல் இருப்பதை ஜிப்மர் மருத்துவர்கள் பதிவு செய்துள்ளனர். ஆகவே குதிரும் மூட்டையும் வைத்திருக்கும் வீட்டிற்குப் பூனை அவசியமற்றது என்று நான் சொல்லமாட்டேன்.

என் கணக்கில் உள்ள ஒரு தவறு

விஷம் வைக்கலாமா என்று கேட்ட அம்மாளிடம் நான் முதலில் சொன்னது சட்டத்தை அல்ல. என் பழைய தவறு ஒன்றைத்தான் சொன்னேன்.

ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன் பாகூர் கொம்யூனில் ஒரு கிராமத்தில் சம்பாப் பயிர் தூர் கட்டும் தருணத்தில் கூட்டு எலி ஒழிப்பு நடத்தினோம். ஊரே சேர்ந்து ஒரே நாளில் வளைகளில் புரோமடையலோன் வில்லைகளை வைத்தது. இந்த மருந்து இரத்தம் உறையாமல் செய்து எலியைக் கொல்வது. தின்ற எலி உடனே சாகாது. சில நாட்கள் தள்ளாடித் திரிந்த பிறகே சாகும். மருந்தை எப்படி வைப்பது, எத்தனை வைப்பது என்று விளக்கமாகச் சொன்ன நான், செத்த எலிகளைத் தினமும் பொறுக்கிப் புதைக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தவறிவிட்டேன். பேச்சின் முடிவில் சொல்லலாம் என்றிருந்தேன், கூட்டம் அவசரமாகக் கலைந்தது, விட்டுப்போயிற்று.

எலி வெகுவாகக் குறைந்தது. நாங்கள் மகிழ்ச்சியோடு அறிக்கை எழுதினோம். இரண்டு வாரத்திற்குள் வயலை ஒட்டிய தெருவில் ஐந்து பூனைகள் செத்தன. அத்தெருவில் நிறையக் கோழி வளர்த்த ஒரு குடும்பத்தின் மேல் பழி விழுந்தது. “குஞ்சைத் தூக்குதுன்னு நீதானே கத்தினே, நீதான் மருந்து வெச்சே” என்று பேச்சு வளர்ந்தது. இரண்டு வீட்டாரும் ஒரே போர்வெல்லில் தண்ணீர் பங்கிட்டுக் கொண்டிருந்தவர்கள். அந்தப் பங்கு நின்றது.

செத்துக் கொண்டிருந்த கடைசிப் பூனையை ஒரு பையன் கால்நடை மருத்துவரிடம் தூக்கிப் போனான். ஈறு வெளுத்திருந்தது, மூக்கில் இரத்தம் கசிந்தது. பார்த்ததும், இது எலி மருந்து தின்ற எலிகளைத் தின்றதால் வந்தது என்று அவர் சொல்லிவிட்டார். செய்தி என் காதுக்கு வந்தபோது நான் உடனே அந்தத் தெருவிற்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. வேலை இருந்தது என்று எனக்கு நானே சொல்லிக் கொண்டேன். ஒரு மாதம் கழித்துப் போய், தவறு எங்களுடையது என்று இரு வீட்டாரிடமும் சொன்னேன். அதற்குள் இரு வீட்டிலும் பேசக்கூடாத வார்த்தைகளைப் பேசி முடித்திருந்தார்கள். பூனைகளை இழந்த வீட்டு மூதாட்டி என்னிடம் கேட்டது இன்றும் நினைவில் இருக்கிறது:

“வயக்காட்டு எலியக் கொன்னுட்டீங்க, சரி. வூட்டு எலிக்கு இப்ப யாரு ஐயா?”

பழி சுமந்த வீட்டார் ஒன்றும் கேட்கவில்லை. அது இன்னும் கடினமாக இருந்தது.

இதிலிருந்து நான் கற்றது, மருந்து நாம் வைத்த இடத்தோடு நிற்பதில்லை என்பதே. அதனால்தான், பூனை செத்தால் உடனே பக்கத்து வீட்டைப் பார்க்காதீர்கள் என்றும் சொல்கிறேன். உங்கள் வயலிலேயே காரணம் இருக்கலாம்.

விஷம் வேண்டாம்

குருணை மருந்தையோ வேறு பூச்சி மருந்தையோ மீனில், கருவாட்டில், சோற்றில் கலந்து வைப்பது மிகக் கொடிய காரியம். அதைப் பூனைதான் தின்னும் என்று யார் உறுதி கூற முடியும்? கோழி தின்னும், நாய் தின்னும், காகம் தூக்கிக் கொண்டுபோய் வேறொரு வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் போடும். தவழும் குழந்தை கையில் கிடைப்பதை வாயில் வைக்கும். எலிக்குப் பயந்து வீட்டைச் சுட்டவன் கதையாக முடியும்.

சட்டமும் இதை அனுமதிப்பதில்லை. 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி இது குற்றம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆம் பிரிவு, பிராணியைக் கெடு நோக்கோடு கொல்வதற்கும், விஷமிடுவதற்கும், ஊனப்படுத்துவதற்கும் ஐந்து ஆண்டு வரை சிறையோ, அபராதமோ, இரண்டுமோ விதிக்க வழி செய்கிறது. ஐந்து குஞ்சுகளுக்காக நீதிமன்றப் படி ஏறுவது எந்த விவசாயிக்கும் கட்டுபடியாகாது.

மேலும், ஒரு பூனையைக் கொன்றுவிட்டால் தொல்லை தீராது. மீன் கழிவும் எலியும் கிடைக்கும் இடத்திற்கு இன்னொரு பூனை வந்து சேரும். வருகிற பூனை யாருடையதும் அல்லாத பூனையாக இருக்கும். அதற்காக நாம் கேட்க ஒரு வீடுகூட இராது.

வளர்ப்பவர் கடமை

“பூனை கட்டி வளர்க்கிற ஜீவன் அல்ல” என்பது உண்மைதான். ஆனால் அதைச் சொல்லிப் பொறுப்பிலிருந்து தப்பிக்கலாகாது. மாடு அடுத்தவர் பயிரில் மேய்ந்தால் மாட்டுக்காரர் பதில் சொல்கிறார் அல்லவா? பூனை வளர்ப்பவர் செய்ய வேண்டியவை இவை:

முதலாவது, தினமும் இரு வேளை, குறிப்பாக மாலையில், வீட்டிலேயே உணவு வைக்க வேண்டும். அண்டை வீட்டில் குஞ்சு பொரித்திருக்கும் நாட்களில் பொழுது சாய்வதற்கு முன் உள்ளே அழைத்துக் கதவை மூடிவிடலாம். களஞ்சியத்தில் இரவு அடைத்து வைத்தால் எலி வேலையும் நடக்கும்.

இரண்டாவது, உங்கள் கொல்லையின் ஒரு மூலையில், நிழலும் மறைவும் உள்ள இடத்தில், மூன்றடிக்கு மூன்றடி உலர்ந்த மணல் கொட்டி வையுங்கள். பழகும் வரை அதன் மலத்தில் சிறிது எடுத்து அங்கே இடுங்கள். பூனை வெகு விரைவில் பழகிவிடும். மணலைத் தினமும் சுத்தம் செய்ய வேண்டும். மழையில் நனையாமல் மேலே இரண்டு கீற்றுப் போடுங்கள்.

மூன்றாவது, குடும்பக் கட்டுப்பாடு. பெட்டைப் பூனை ஆறு மாதத்திலேயே சினைக்கு வந்துவிடும். சினைக்காலம் ஏறத்தாழ ஒன்பது வாரம். ஆண்டுக்கு இரண்டு ஈற்று, ஈற்றுக்கு நான்கு குட்டி என்றாலும் ஆண்டுக்கு எட்டு. இந்த எட்டுக்கும் வீடு எங்கே? கடுவன்களுக்கு அறுவை செய்தால் ஊர் சுற்றுவதும், சண்டையிடுவதும், தூணிலும் மூட்டையிலும் மூத்திரம் பீய்ச்சுவதும் பெருமளவு குறையும். அறுவை செய்த பூனை எலி பிடிப்பதை விட்டுவிடும் என்ற எண்ணம் தவறு. குருமாம்பேட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கோ அருகிலுள்ள கால்நடை மருந்தகத்திலோ கேட்டுச் செய்து கொள்ளலாம்.

நான்காவது, வெறிநோய்த் தடுப்பூசி. நாய்க்குப் போடுகிறோம், பூனையை மறந்துவிடுகிறோம். மூன்று மாதக் குட்டிக்கு முதல் ஊசி. பிறகு ஆண்டுதோறும் போட வேண்டும்.

ஐந்தாவது, குட்டிகளைச் சாக்கில் கட்டி ஏரிக்கரையில் விட்டுவிட்டு வரும் வழக்கத்தை அறவே கைவிட வேண்டும். ஊசுட்டேரி 2008-ஆம் ஆண்டு முதல் பறவைகள் சரணாலயம். பாகூர் ஏரிக்கும் பருவத்தில் ஏராளமான நீர்ப்பறவைகள் வருகின்றன. அங்கே விடப்படும் குட்டிகளில் பல பட்டினியில் சாகும். பிழைப்பவை கரையில் முட்டையிடும் பறவைகளைத் தேடும். அமெரிக்காவில் பூனைகள் ஆண்டுதோறும் 130 கோடி முதல் 400 கோடி வரை பறவைகளைக் கொல்வதாக 2013-ஆம் ஆண்டு விஞ்ஞானிகள் கணக்கிட்டனர். நம் தோட்டத்தில் புழு பொறுக்கும் மைனாவும் தையல்சிட்டும், பூச்சி தின்னும் ஓணானும் தவளையும் விவசாயியின் கூலியில்லா வேலையாட்கள். பூனைக்கு யார் மணி கட்டுவது என்று கேட்பார்கள், வளர்ப்பவரே கட்டலாம். இழுத்தால் கழன்றுவிடும் நாடாவில் சிறு மணியைக் கோத்துப் பகலில் கட்டினால் பறவைகள் ஓரளவு தப்பும். இரவில் அவிழ்த்துவிடுங்கள், எலிக்கு எச்சரிக்கை தேவையில்லை.

தோட்டக்காரர் கடமை

பூனைக்காரர் எல்லாவற்றையும் செய்யும் வரை நாற்றங்கால் காத்திருக்காது. ஆகவே தோட்டக்காரரும் சிலவற்றைச் செய்துகொள்ள வேண்டும்.

விதை பாவியவுடன் பாத்தி முழுவதும் கருவேல முள்ளையோ வேலிக்காத்தான் முள்ளையோ பரப்பி வையுங்கள். பனை ஓலை, தென்னங்கீற்றும் போதும். ஆனால் முளை கண்டதும் கீற்றை எடுத்துவிட வேண்டும், இல்லையேல் நாற்று வெளுத்து நெட்டையாகும். அதன் பிறகு மூங்கில் பிளாச்சுகளை வில்லாக வளைத்து ஊன்றி மேலே நைலான் வலை கட்டுங்கள். நெருக்கமான கண்ணுள்ள வலையானால், வைரஸ் நோய்களைப் பரப்பும் வெள்ளை ஈயும் உள்ளே வராது. மிளகாய், தக்காளி நாற்றுக்கு இது இரட்டை லாபம்.

மாலையில் பூவாளியால் தெளித்து மேல்மண்ணை ஈரமாக வைத்திருங்கள். ஈர மண்ணைப் பூனை விரும்பாது. நாற்று நட்ட வயலில் செடிகளுக்கு இடையே கடலைத் தோலையோ கரும்புத் தோகையையோ மூடாக்காகப் போட்டால் பூனைக்கும் கிளற இடமிராது, களையும் குறையும், தண்ணீரும் மிஞ்சும்.

கோழிக் குஞ்சுகளை முதல் எட்டு வாரம் வரை பஞ்சாரத்திலோ, ஓர் அங்குலத்திற்கு மேற்படாத கண்ணுள்ள கம்பி வலைக் கூண்டிலோ காப்பாற்றுங்கள். கூண்டின் அடிப்பக்கத்தையும் வலையால் மூடுங்கள். குஞ்சு காணாமற் போனதெல்லாம் பூனையின் வேலை என்று முடிவு கட்ட வேண்டாம். பகலில் காகம், பருந்து, கீரி. இரவில் காட்டுப் பூனை, மரநாய் என்று பங்காளிகள் பலர். காட்டுப் பூனையும் கீரியும் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருபவை. அவற்றைத் தொடவும் கூடாது. கூண்டு ஒன்றே இவை அனைத்திற்கும் பொதுவான மருந்து.

மீன் கழுவிய தண்ணீரையும் குடலையும் வேலியோரம் வீசாதீர்கள். எருக்குழியில் இட்டு அரை அடி மண் மூடுங்கள். பூனையை ஒரு நாள் அழைத்து விருந்து வைத்துவிட்டு மறுநாள் விரட்டுவதில் பயனில்லை.

பூனையைத் துரத்த ஒரு குவளைத் தண்ணீர் தெளித்தால் போதும். வெந்நீர், கல் வேண்டாம். பினாயில் ஊற்றுவதும், பாச்சை உருண்டை போடுவதும் சிலர் வழக்கம். இவை பூனைக்கு நஞ்சு, பாத்திக்கும் நல்லதல்ல.

வயல் எலிக்கு, வரப்பை ஒன்றரை அடி அகலம், ஓர் அடி உயரத்திற்கு மிகாமல் வைத்துக் கொள்ளுங்கள். வளை தோண்ட இடம் குறையும். தஞ்சாவூர் எலிக் கிட்டி நல்ல கருவி. கூகையும் ஆந்தையும் இரவில் உட்காரக் கிளைத்த குச்சிகளை வயலில் நடுங்கள். கதிர் முற்றும் சமயம் அவற்றை எடுத்துவிடுங்கள், பகலில் தானியம் தின்னும் பறவைகளும் உட்காரும். மருந்து வைத்தே தீர வேண்டும் என்றால் வளைக்குள் வைத்து வாயை மூடுங்கள். பத்துப் பன்னிரண்டு நாட்களுக்குத் தினமும் காலையில் வரப்பைச் சுற்றி, செத்த எலிகளைப் பொறுக்கி ஆழமாகப் புதையுங்கள். அந்த நாட்களில் பூனையை வீட்டிலேயே அடைத்து வையுங்கள். நான் அன்று சொல்ல மறந்தது இதைத்தான்.

கையும் காலும் கவனம்

பூனை மலத்தினால் வரும் ஒரு நோயைப் பற்றிப் பெண்கள் அறிந்திருப்பது நல்லது. டாக்சோபிளாஸ்மா என்ற நுண்ணுயிர் பூனையின் குடலில் பெருகி, மலத்தோடு வெளிவந்து, ஓரிரு நாள் முதல் ஐந்து நாளுக்குள் தொற்றும் நிலையை அடைகிறது. ஈர மண்ணில் பல மாதங்கள் உயிரோடிருக்கும். பெரும்பாலோருக்கு இது பெரிய தொல்லை தருவதில்லை. ஆனால் கர்ப்பிணிக்கு முதன்முறையாகத் தொற்றினால் கருவில் உள்ள குழந்தையைப் பாதிக்கக்கூடும். ஆட்டிலும் கருச்சிதைவை உண்டாக்கும். இதற்காகப் பூனையை விரட்ட வேண்டியதில்லை. கர்ப்பிணிகள் பூனை மலத்தை அள்ள வேண்டாம். பாத்தியில் வேலை செய்தால் கையுறை அணிந்து, பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கீரையை நன்கு அலசுங்கள். இறைச்சியை நன்றாக வேகவையுங்கள். தவிட்டு மூட்டையையும் ஆட்டுத் தீவனத்தையும் மூடி வையுங்கள்.

பூனை கடித்தாலோ இரத்தம் வரப் பிறாண்டினாலோ, மஞ்சளும் சுண்ணாம்பும் வைத்துக் காலம் கடத்தாதீர்கள். சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் செல்லுங்கள். மருத்துவர் சொல்லும் நாட்களில் ஊசியைத் தவறாமல் முடியுங்கள். வெறிநோய் வந்தபின் காப்பாற்றுவது ஏறத்தாழ இயலாத காரியம்.

ஊர் செய்ய வேண்டியது

இரண்டு வீட்டார் தனித்தனியாகச் செய்வதை விட ஊர் கூடிச் செய்வது மலிவு. பால் கூட்டுறவுச் சங்கத்தில் காலையும் மாலையும் எல்லோரும் கூடுகிறீர்கள். தெருவில் எத்தனை பூனை, யாருடையது என்று அங்கே ஒரு கணக்கு எடுக்கலாம். ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் 28 உலக வெறிநோய் தினம். அதையொட்டி நாய்களுக்கு முகாம் நடத்தும்போது பூனைகளையும் சேர்த்துக் கொள்ளுமாறு கால்நடைத் துறையிடம் கேளுங்கள். அறுவைக்கும் ஒரு நாள் ஒதுக்கக் கொம்யூன் பஞ்சாயத்து மூலம் மனுச் செய்யலாம். பத்துப் பேர் கையெழுத்திட்டுக் கேட்பதற்கு மதிப்புண்டு. கூட்டு எலி ஒழிப்பு நடத்தும்போது, நடத்தும் விஞ்ஞானியோ அதிகாரியோ, “செத்த எலியை என்ன செய்வது?” என்று நீங்களே எழுந்து கேளுங்கள். எங்களுக்கும் மறதி உண்டு.

முடிவாக

கருவாட்டில் மருந்து வைக்கக் கேட்ட அம்மாள் அதை வைக்கவில்லை. நானும் அவரும் பக்கத்து வீட்டுக்குச் சென்று பேசினோம். முதலில் முகம் கொடுத்துப் பேசாத அந்த வீட்டுக்காரர், நான் என் பழைய கதையைச் சொன்னதும் உட்காரப் பாய் போட்டார். மணல் கொட்ட ஒப்புக்கொண்டார். பெட்டைப் பூனைக்கு அறுவை செய்ய மட்டும் மனமில்லை. ஒரு மாதம் யோசித்துப் பிறகு செய்தார். அம்மாள் நான்காம் முறை விதை பாவி முள் பரப்பினார். நாற்று வந்தது. பிறகும் ஒரு குஞ்சு போயிற்று. பூனையா காகமா என்று தெரியவில்லை. “போனது போவட்டும் சார், கூண்டுக் கதவ நான்தான் சாத்தல” என்றார்.

பூனைத் தொல்லை முழுவதும் தீர்ந்துவிடும் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை. தொல்லை பாதியாகும், பகை முழுவதும் தீரும். போர்வெல் தண்ணீரைப் பங்கிட்டு வாழ வேண்டிய தெருவில் இரண்டாவதே பெரிது. ஆகவே விவசாய அன்பர்களே, இன்று மாலை இரண்டு வேலைகளைச் செய்யுங்கள். பூச்சி மருந்துப் புட்டிகளையும் குருணைப் பொட்டலங்களையும் குழந்தைக்கு எட்டாத இடத்தில் வைத்துப் பூட்டுங்கள். பிறகு வேலிக்கு அந்தப் பக்கம் இருப்பவரை அழைத்து, கோபமில்லாமல் பேச்சைத் தொடங்குங்கள்.